படகில் பையோடு ஒருத்தி

என் மகளுக்கு ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். கார்ட்டூன் என்றால் கோபம் வரும். அனிமே என்று சொல்ல வேண்டும். அதில் வருகிற தெருவும் பாலமும் நிஜத்தில் எங்கே இருக்கின்றனவோ அங்கே போய், அதே கோணத்தில் போட்டோ எடுப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கமாம். ஜப்பானுக்கு நாங்கள் எங்கே போக? ஆனால் ஒரு அனிமேயில் துபாய் வந்துவிட்டது. அதுவும் நாங்கள் பூவும் வெற்றிலையும் வாங்கப் போகிற பர் துபாய்.

அவள் அப்பாவுக்கு ஒப்பந்தம் முடிந்து, அந்த வாரக் கடைசியில் மொத்தமாக ஊர் திரும்புகிறோம். பெட்டிகளைப் பாதிதான் கட்டியிருந்தோம்.

"அந்த ஒரு போட்டோ மட்டும்மா. இனிமே நான் இங்க வரவே மாட்டேன்ல?"

அவள் பிறந்த ஊர் இது. வீட்டில் வைத்துவிட்டு வரப் பயந்து மூன்று பாஸ்போர்ட்டையும் கைப்பையில் திணித்துக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் அல் குசைஸில் மெட்ரோ ஏறினேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். எங்கே எது கூடாது என்று எழுதியிருப்பதைப் படித்து முடிப்பதற்குள் யாராவது வந்து திட்டிவிடுவார்களோ என்று எப்போதும் பயம்.

பர் துபாய் கழிமுகக் கரையில் அவள் போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். வீட்டுக்குள் காற்றை இறக்கக் கட்டிய பழைய காற்றுக் கோபுரங்கள், ஒரு மசூதி மினார், தண்ணீர். படத்தைத் தூக்கிப் பிடித்தபடி முன்னே போனாள், பின்னே வந்தாள். எங்கே நின்றாலும் பொருந்தவில்லை.

"யார் மூஞ்சியாவது விழுந்துடப் போவுதுடி. கேஸாயிடும்."

"நீ இருக்கும்போது போலீஸ் எதுக்கும்மா?" என்றவள், சட்டென்று நின்றாள். "அய்யோ, இது கரையிலேர்ந்து இல்லம்மா. போட்லேர்ந்து!"

இத்தனை வருஷத்தில், அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற அந்த மரப்படகில் நான் கால் வைத்ததில்லை. ஓரத்தில் கம்பி கிடையாது. நடுவில் ஒரு பலகை. முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். பாஸ்போர்ட் தண்ணீரில் விழுந்தால்? அவள் விழுந்தால்? அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏறிவிட்டேன்.

"பைட்டோ, அம்மாஜி! யல்லா!" என்று உட்காரச் சொல்லி அவசரப்படுத்தினார் படகுக்காரர். பலகையின் பின்கோடியில் உட்கார்ந்து, பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

நடுத்தண்ணீரில், முன்னால் உட்கார்ந்திருந்த மகள் என் பக்கம் திரும்பினாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அசையாத!"

"என்னடி, என்ன ஆச்சு?"

"சிரிக்காத. பைய விடாத. அப்படியே பயந்த மாதிரியே இரு."

வாழ்நாளில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. ஏன் இப்படிப் பயந்து சாகிறாய் என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

எடுத்து முடித்ததும் அனிமேப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கோபுரங்களுக்கு முன்னால், பலகையின் கோடியில், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிய ஒரு பெண். கதையில் அவளுக்கு வேலையே இல்லையாம், வெறும் கூட்டத்தில் ஒருத்தி. அவளும் பையை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். விரல்கள் கூட இறுகியிருந்தன.

எங்கோ ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து இந்தப் படகில் உட்கார்ந்திருக்கிறார். கோபுரத்தைப் பார்த்த அதே கண்ணால், பையைப் பிடித்த ஒரு பொம்பளையையும் பார்த்திருக்கிறார். அவளை விட்டுவிட்டு வரைந்திருக்கலாம். விடவில்லை.

அக்கரை வந்து எல்லோரும் இறங்கினார்கள். என்னை இறக்கிவிட மகள் கை நீட்டினாள்.

"இரு," என்றேன். "திரும்பிப் போறப்ப அந்தக் கோடியில நீ உக்காரு. நான் எடுக்கறேன்."

பையை அவளிடம் கொடுத்தேன்.