பனியன் துணியால் படி துடைத்தவர்

திருப்பூர் ரயில் நிலையத்தில் லிஃப்ட் பழுதாகியிருந்த ஒரு காலையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். இரண்டு கால்களும் சூம்பியிருந்தன. மேம்பாலப் படியில் உட்கார்ந்தபடி, கைகளை ஊன்றிப் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அடுத்த படியைப் பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டுத்தான் அதில் உட்கார்ந்தார்.

கோவை ரயில் முதல் பிளாட்பாரத்துக்கு மாற்றப்பட்டதாக அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். நான் மாவுக்கட்டுக் காலோடு படிக்குக் கீழே நின்றேன்.

"நீங்களும் கோயமுத்தூருங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்ணா. ஊட்டுக்காரரு ஐசியூல இருக்காருங்க. பத்து மணிக்கு ஒருக்கா உள்ள உடுவாங்க, அப்புறம் சாயங்காலந்தான். சேலை அழுக்கா இருந்தா நர்சு திட்டுவாங்க."

எனக்குக் கோவையில் இருந்தது கல்யாண விருந்து. அதற்கே பிரசவ வார்டில் கேட்கிற குரலில், "யாராச்சும் தூக்குங்களேன்" என்று அலறினேன். பனியன் கம்பெனி ஆட்கள் இருவர் ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. நாங்கள் போக ஓரமாக ஒதுங்கி, "பாத்துப் போங்ணா" என்றார்.

'அவங்களையும் தூக்குங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். "மெதுவா, கால் இடிக்குது" என்றுதான் வாயில் வந்தது.

ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். மேம்பாலத்தின் இந்தப் பக்கம் அவர் பாதிப் படிதான் இறங்கியிருந்தார். என் பெட்டி தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து அடுத்த படியைத் துடைத்தார்.