அப்பாவைத் தாண்டிய சாயங்காலம்

ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தேன் என்றால் எனக்கு ஊசி போடத் தெரியும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். தெரியாது. ஊசி, மாத்திரை, வார்டு வேலை எல்லாம் பத்தாவது படித்து வந்தவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஐந்தாவதோடு நின்ற என்னைப் போன்றவர்களுக்கு வேறு பயிற்சி. அடிபட்டுக் கிடக்கிறவனிடம் ஊர்ந்து போக வேண்டும், ரத்தத்தை நிறுத்த வேண்டும், எலும்பு முறிந்திருந்தால் மட்டை வைத்துக் கட்ட வேண்டும், தூக்கிக்கொண்டு வர வேண்டும். எழுபதுகளின் கடைசியில் வடக்கே ஒரு முகாமில் இதைக் கற்றேன். இந்தி பாதிதான் புரியும். மற்றவர்கள் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நான் கட்டிய கட்டை யாரும் குறை சொன்னதில்லை.

தேர்வில்தான் தோற்றேன்.

காயம்பட்டவராக நடித்துத் தரையில் கிடந்தவர் ஒரு ஹவில்தார். நரைத்த மீசை. ஏறக்குறைய என் அப்பா வயது. அவர் தொடையில் சிவப்பு மையைக் கொட்டியிருந்தார்கள். நான் பஞ்சை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே, அவர் உடம்பைத் தாண்டி ஒரு காலை மறுபக்கம் ஊன்ற வேண்டும். இரண்டு பக்கமும் கால் இருந்தால்தான் கூட வருகிறவனோடு சேர்ந்து தூக்க முடியும். படுத்திருக்கும் பெரியவரைத் தாண்டுவதா என்று கால் தயங்கியது. தயங்கியதில் அவர் விலாவில் பட்டுவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. கை இரண்டும் காயத்தை விட்டுவிட்டு, அவரைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டன.

சோதித்துக்கொண்டிருந்த சுபேதார் இந்தியில் சொன்னார்: "ஆள் செத்துட்டான். இப்ப நல்லாக் கும்பிட்டுக்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். செத்துக் கிடந்த ஹவில்தாரும் வயிறு குலுங்கச் சிரித்தார். என் இமையெல்லாம் சிவப்பு மை. கழுவியும் அன்று முழுக்கப் போகவில்லை.

இன்னொரு முறை தேர்வு உண்டு. அதிலும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் லீவு கொடுத்தார்கள். ஊரில் அந்த வருஷம் மழை இல்லை, பருத்தி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. நான் திரும்பி வந்தால் அத்தானோடு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் குச்சிக்கு மருந்து முக்க வேண்டியதுதான். என் சம்பளத்தை நம்பித்தான் வீடு இருந்தது. தோற்றதை அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள்.

"என்ன மாப்ள, காயம்பட்டவன் கால்ல விழுதியாம்லா? பட்டாளத்துக்குப் போனியா, பழனிக்குப் போனியா?" என்றார் அத்தான். பிறகு அவரே முற்றத்தில் மல்லாந்து படுத்தார். "வா, என்னயத் தாண்டு."

தாண்டினேன். கால்கூடப் பட்டது. கை அசையவில்லை.

"என்னயத் தாண்டிருத. என் மேல உனக்கு என்ன மரியாத கெடக்கு? வயசாளியத் தாண்டிக் காட்டு, பாப்பம்."

களைக்கொத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த அப்பா காதில் எல்லாம் விழுந்திருக்கும். தலை நிமிரவில்லை. சாயங்காலம், "ஏலே, காடு வரைக்கும் வா" என்றார்.

பருத்தியைப் பிடுங்கிப்போட்ட எங்கள் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அப்பா காலால் கட்டிகளை ஒதுக்கினார். தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார்.

"எந்தத் தொடைலே?"

"வேண்டாம்ப்பா."

"எந்தத் தொடைன்னு கேட்டேன்."

"வலது."

வேட்டியை அவரே ஒதுக்கினார். அந்தத் தொடை இவ்வளவு மெலிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்க்கக் கூசியது. கையை வைத்தேன்.

"அழுத்துலே. ரத்தம் போவுதுல்லா."

முதல் தடவை கால் அவர் விலாவில் இடித்தது. கை கண்ணுக்குப் போய்விட்டது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் திரும்பவும் தொடையில் வைத்தார். "ரெண்டும் இங்கனயே இருக்கட்டும்." மறுபடி மறுபடி தாண்டினேன். ஒவ்வொரு முறை கால் மேலே வரும்போதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் கால் பட்டும் கை நகரவில்லை. அப்பாவின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி, குனிந்து அழுத்திக்கொண்டு நின்றேன். யாராவது வந்துவிடக் கூடாதே என்றுதான் நினைப்பு.

"இப்பத் தூக்குவியா?"

"அதுக்கு இன்னொரு ஆள் வேணும்ப்பா."

"அப்பச் சரி, போதும்" என்று எழுந்தார்.

முன்னால் அவர் நடந்தார், பின்னால் நான். அவர் முதுகெல்லாம் கரிசல் அப்பியிருந்தது. தட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். தொட வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். ஊர் எல்லையில் எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் எதிரே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, முதுகெல்லாம் மண்ணு? விழுந்துட்டியளா?"

"ஆமா. வெயிலுக்குத் தலை சுத்திட்டு."

அவர் என்னைப் பார்த்தார். "ஏலே, மிலிட்டரி ஆஸ்பத்திரிக்காரன் நீ கூட இருந்துமா விழ விட்ட?"



"அவந்தான் தூக்கிவிட்டான்" என்றார் அப்பா.

திரும்பிப் போய்த் தேர்வில் தேறினேன். கை காயத்தை விட்டு நகரவில்லை என்று சுபேதார் தலையை ஆட்டினார்.

அடுத்த லீவுக்கு வந்தபோது அக்கா ஒன்று சொன்னாள். நான் முகாமுக்குத் திரும்பிய பிறகு, அந்தக் கோடையில் ஊரில் கிணறு ஆழப்படுத்த ஆள் சேர்த்திருக்கிறார்கள். அப்பாவும் போய் நின்றிருக்கிறார். தலை சுற்றி விழுகிற ஆளை உள்ளே இறக்க முடியாது என்று அவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். காட்டில் நடந்ததை ஊகித்திருந்த அத்தான் ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பியதற்கு, அப்பா "போய்ச் சோலியப் பாருங்க" என்றிருக்கிறார்.

நானாவது சொல்லியிருக்கலாம். அந்த இரண்டாவது லீவு முடிகிற வரை ஊரில்தான் இருந்தேன், அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரையும் தினமும் பார்த்தேன். சொல்லவில்லை.