செக்கரக்காவின் தோட்டத்தில் கோரை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் சட்டைகளில் குறை கண்டுபிடித்தவள் அவள். பிசிறு, விட்டுப்போன தையல், கோணல் காலர் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. செக்கர் வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் செக்கரக்கா. வீடு வாங்கும்போது மட்டும் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. விற்றவன் கூடப்பிறந்த தம்பி.

இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் முப்பதடிக்கு இருபதடி வெறும் மண். கணவர் இறந்தபிறகு மூன்றாம் மாடி வாடகை அறையில் காலம் தள்ளியவளுக்கு அந்த மண்ணைப் பார்த்ததும் மனசு அதிலேயே விழுந்துவிட்டது. வெண்டை ஒரு பாத்தி, தக்காளி ஒரு பாத்தி என்று பத்திரம் பதிவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாள்.

குடிவந்த பதினைந்தாம் நாள் மழை பெய்தது. நாலே நாளில் தோட்டம் முழுக்கப் பளபளவென்று பச்சை. புல்தானே என்று மண்வெட்டியால் கொத்திப் போட்டாள். இரண்டே வாரத்தில் முன்னைவிட அடர்த்தியாக வந்தது. மறுபடி கொத்தினாள். கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து மூடினாள். அதையும் ஊசி மாதிரி குத்திக்கொண்டு வந்தது.

ஒரு செடியைக் காகிதத்தில் சுற்றி நர்சரிக்காரரிடம் கொண்டுபோனாள். அவர் தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினார்.

"இது புல்லு இல்லம்மா, கோரை. உருட்டிப் பாருங்க, உருளாது. தண்டு மூணு பட்டையா இருக்கும்."

"கொத்திக் கொத்திக் கையே வீங்கிடுச்சுங்க."

"கொத்தினதுதான் தப்பு. அடியில கிழங்கு இருக்கு, ஒண்ணோட ஒண்ணு வேரால கோத்துக்கிட்டு. நீங்க வெட்டி வெட்டி ஒவ்வொண்ணையும் தனிக்குடித்தனம் வச்சிருக்கீங்க."

அவர் சொன்னபடி தோண்டினாள். மண்ணைச் சலித்து, கடலை அளவு கறுத்த கிழங்குகளை ஒன்று விடாமல் பொறுக்கி, வெயிலில் காயவைத்து எரித்தாள். ஒரு நாளைக்கு இரண்டடி நகர்ந்தால் அதிகம். மூன்றாவது வாரம் குழியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். மேலே ஒரு சாண் கறுப்பு மண். அதற்குக் கீழே சிவப்பு. கிழங்கெல்லாம் கறுப்பில்தான்.

மதிலுக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டாள்.

"அது குளம் தூர்வாரின மண்ணுங்க. போன வருஷம் உங்க தம்பிதான் கேட்டாரு, நாலு லோடு நானே கொண்டாந்து கொட்டினேன். பள்ளமா இருந்தா வீடு விலை போகாதுன்னாரு. கோரை மொளைச்சதும் மருந்தடிச்சுக் கருக்கினாரு. நீங்க பாக்க வந்ததுக்கு முந்தின வாரம்."

தம்பியை வரச்சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றாமல் பின்வாசல் படியிலேயே நின்றான்.

"இப்பிடி வரும்னு தெரியுமாடா உனக்கு?"

"புல்லுதானேக்கா. இதுக்குப் போயா வேலைய விட்டுட்டு வரச்சொன்ன?"

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும். வேற யாருக்காவது தள்ளிவிடலாம்னுதான் இருந்தேன். நீதான் எனக்குக் கொடுன்னு வந்து நின்ன."

அவன் போனபிறகும் வெகுநேரம் சல்லடையைக் கையிலேயே வைத்திருந்தாள். சத்தம் போட்டிருந்தால் ஆறியிருக்கும். அது அவளுக்கு வராது.

தோட்டம் சுத்தமாக இரண்டு வருஷம் ஆனது. வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை. வெண்டை காய்த்தது, தக்காளியும் காய்த்தது. டிரைவர் வீட்டுக்குக் கொடுத்தாள், நர்சரிக்காரருக்கும் ஒரு பை கொண்டுபோனாள். தம்பி வீட்டுக்கு ஒரு காய்கூடப் போகவில்லை.

அந்த வருஷக் கடைசியில் தம்பிக்கு வயிற்றில் ஆபரேஷன். தம்பி பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள் என்று இருக்காமல் முதலில் போனது இவள்தான். ஒன்பது நாள் பக்கத்திலேயே இருந்தாள். கஞ்சி ஊட்டினாள், படுக்கைத் துணி மாற்றினாள், நர்சுகளிடம் மல்லுக்கு நின்றாள்.

"எல்லாத்தையும் மறந்துட்டு வந்தியேக்கா," என்று அவன் அழுதான்.

"வாயத் தொற," என்று அடுத்த கரண்டியை நீட்டினாள்.

அவன் குணமாகி வீட்டுக்குப் போன வாரம் அவள் ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு வாசல் கதவின் பூட்டை மாற்றினாள். விற்றபோது அவன் தராமல் வைத்துக்கொண்ட சாவி ஒன்று இன்னும் அவனிடம்தான் இருந்தது. அதை அவள் கேட்கவில்லை.