ரெண்டு நூல் குறைந்த வாசல்

“பார்த்துச் சொல்றனுங்க” என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோயமுத்தூர்ப் பக்கம் அதற்கு முடியாது என்று அர்த்தம். முடியாது என்று நேராகச் சொன்னால் எதிரே நிற்கிறவன் மனசு நொந்து போகுமாம். அதனால் பார்த்துச் சொல்றேன், ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேன், அடுத்த வாரம் வாங்க என்பார்கள். கூடவே உட்கார வைத்துக் காப்பியும் கொடுப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் மூன்று மாசம் பட்டறைக்கு வாடகை இடம் தேடி அலைந்தேன். குடித்த காப்பி ஏராளம், கிடைத்த இடம் ஒன்றே ஒன்று.

நான் மரப் பேட்டர்ன் செய்கிறவன். பவுண்டரியில் ஒரு பம்பு பாடியை இரும்பில் வார்க்க வேண்டுமானால் முதலில் அதே வடிவத்தை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அதை மண்ணில் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில்தான் இரும்பை ஊற்றுவார்கள். ஊற்றின இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்காக நாங்கள் வைத்திருக்கிற ஸ்கேலே வேறு. அடிக்கு ஒரு நூல் கூடுதலாக வைத்து அதில் கோடு போட்டிருக்கும். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. பார்வைக்குச் சாதாரண ஸ்கேல் மாதிரிதான் இருக்கும். சுருக்க ஸ்கேல் என்போம்.

பதினோரு வருசம் ஒருவரிடம் கூலிக்கு வேலை செய்தேன். ஒரு நாள் வாய்த்தகராறில், “இனி உங்க கேட்டை மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்வது சுலபம். கணபதியில் ஒரு ஷெட்டின் மூலையை வாடகைக்குப் பிடித்து, பழைய இழைப்பு மிஷின் ஒன்று வாங்கிப் போட்டு, சில்லறை வேலை செய்துகொண்டிருந்தேன். பேட்டர்னுக்குப் பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பதெல்லாம் என் சம்சாரம். அந்தச் சமயத்தில்தான் ஒரு பம்பு கம்பெனிக்காரர் வந்து என் வேலையைப் பார்த்தார். “ஆறு பேட்டர்ன் வேணுமுங்க. தை பொறந்ததும் வாரேன். இடமும் மிஷினும் ஒழுங்கா இருந்தா வேலை உங்களுக்குத்தான்” என்றார். என் பெயரில் வரப்போகிற முதல் பெரிய வேலை. அது இல்லையென்றால் அந்தப் பழைய கேட்டைத்தான் திரும்ப மிதிக்க வேண்டும்.

அவர் போன மறுவாரம் ஷெட்டுக்காரர் வந்தார். தங்கமான மனுசர். “அவசரமே இல்லீங்க. கார்த்திகை முடியறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்தாப் போதுமுங்க. மார்கழி பொறந்துட்டா நீங்களும் எங்கியும் குடி போக முடியாது பாருங்க” என்றார். அவருடைய மாப்பிள்ளை அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைக்கப் போகிறாராம். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். என் மரத்தூளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சரி, மூன்று மாசம் இருக்கிறதே, கோயமுத்தூரில் இல்லாத இடமா என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பீளமேட்டில் ஒரு வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். மோட்டார் அக்கினி மூலையில்தான் ஓட வேண்டுமாம். அக்கினி மூலையில் கக்கூஸ் இருந்தது. கவுண்டம்பாளையத்தில் ஒருவர், “சொந்த ஊரு எதுங்க?” என்று கேட்டார். சொன்னேன். “அங்க யாரு ஊடுங்க?” என்றார். அதையும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை, காப்பிதான் சீக்கிரம் வந்தது. “பார்த்துச் சொல்றனுங்க” என்றார். என்னத்தைப் பார்க்கப் போகிறார் என்று எனக்குத் தெரியாதா? மேலே வந்த எரிச்சலைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்து வந்தேன்.

பெருந்துறைக்குப் போனால் ஷெட்டு மலிவு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு பஸ் ஏறிப் போனேன். மலிவுதான். ஆனால் ஒவ்வொரு ஷெட்டும் கல்யாண மண்டபம் கணக்காக இருந்தது. அங்கே ஒரு இழைப்பு மிஷினையும் ஒரு மேசையையும் போட்டுக்கொண்டு நான் யாரோடு பேசுவது? பவுண்டரிக்காரர்கள் எல்லாம் கோயமுத்தூரில் இருக்கிறார்கள். அன்னூர் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணையைக் காட்டினார்கள். கோழி போய் ஆறு மாசம் ஆகியும் வாசம் போகவில்லை. பாதிச் சுவருக்கு மேலே வெறும் கம்பிவலை. ஐப்பசி மழையில் சாரல் அடித்தால் தேக்குப் பலகை அப்பளமாக வளைந்துவிடும். “வலைக்குத் தார்ப்பாய் கட்டித் தருவீங்களா?” என்று கேட்டேன். “பார்த்துச் சொல்றனுங்க” என்றார் அவரும்.

ஒரு கட்டத்துக்கு மேல் என் வாயை என்னாலேயே அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் சோற்றுத் தட்டைப் பார்த்துத் திட்டுவேன், மழையைத் திட்டுவேன், மனசில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசுகிற ஊர் இது என்று சத்தம் போடுவேன். “இடம் இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் சொல்லட்டும், கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வந்துடறேன்” என்றேன் ஒரு நாள். “அப்படிச் சொன்னா மட்டும் சும்மா வந்துடுவீங்களாக்கும்” என்றாள் என் சம்சாரம், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

கார்த்திகை முடிய எட்டு நாள் இருக்கும்போது துடியலூரில் இடம் கிடைத்தது. ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மா. வீட்டுக்காரர் தவறிவிட்டார், பிள்ளை திருப்பூரில் இருக்கிறான். தோட்டத்துக்குள் புதுவீடு கட்டிக்கொண்டு, ரோட்டோரம் இருந்த பழைய ஊட்டைச் சும்மா பூட்டி வைத்திருந்தார். ஒரு காலத்தில் அதில் மாவு மிஷின் ஓடியதாம், அதனால் த்ரீ பேஸ் கனெக்ஷன் இருந்தது. மேலே கான்கிரீட், ஒழுகல் இல்லை. வாடகையும் என் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. சொந்த ஊர் கேட்கவில்லை. “சத்தம் எத்தனை மணி வரைக்குமுங்க தம்பி?” என்று மட்டும் கேட்டார். ஆறு மணி வரைக்கும் என்றேன். “அப்பறமென்னுங்க, வாங்க” என்றார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மறுநாளும் போய், வாங்கன்னுதான சொன்னீங்கக்கா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த இரண்டாவது நாள் டேப் கொண்டுபோய் வாசலை அளந்தேன். வேறு பெரிய வழி அந்த ஊட்டுக்குக் கிடையாது. உள்ளளவு நாற்பத்தோரு இஞ்சும் ஆறு நூலும். கணபதிக்குத் திரும்பி வந்து இழைப்பு மிஷினை அளந்தேன். மோட்டாரையும் புல்லியையும் கழற்றிவிட்டால் மிச்சம் ஒரே வார்ப்பாக வந்த உடம்பு, ஒரு டன் இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் குறைச்சலான அகலம் நாற்பத்தோரு இஞ்சும் நாலரை நூலும். ஒன்றரை நூல் இடைவெளி. இறுக்கம்தான், ஆனால் போய்விடும். மரத்தில் ஒன்றரை நூல் என்பது எனக்கு ராஜபாட்டை.

கார்த்திகை கடைசி நாள் நானும் சம்சாரமும் டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனோம். நாலு லோடுமேன்கள், இரும்புக் குழாய், கடப்பாரை. கணபதியில் நாங்கள் மிஷினை வெளியே உருட்டும்போதே அங்கே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்து நின்றுவிட்டான். துடியலூரில் இறக்கி, குழாய்மேல் உருட்டி, வாசலுக்குக் கொண்டுபோனால் மிஷின் நிற்கிறது. போக மாட்டேன் என்கிறது. இந்தப் பக்கம் நெம்பினோம், அந்தப் பக்கம் நெம்பினோம். நிலவில் இடித்துக்கொண்டு அசையவில்லை. வாசலின் மரச்சட்டத்தை எங்கள் பக்கம் நிலவு என்பார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நிலவு செய்த ஆசாரியைத் திட்டினேன், குழாய் பிடித்த லோடுமேனைத் திட்டினேன், டேப் விற்ற கடைக்காரனையும் விடவில்லை. “சந்து பத்தாதுங்க” என்றான் ஒரு லோடுமேன். “ஒன்றரை நூல் சந்து இருக்குது, நான் அளந்திருக்கேன், எனக்கே சொல்றியா?” என்று கத்தினேன். அதைக் காட்டுவதற்காகவே டேப்பை எடுத்து மிஷின் மேல் வைத்தேன். சரியாக நாற்பத்திரண்டு இஞ்சு.

மறுபடியும் வைத்தேன். நாற்பத்திரண்டு.

என் சம்சாரம் பக்கத்தில் வந்து மெதுவாக, “ஏனுங்க, அன்னைக்கு எதில அளந்தீங்க?” என்றாள். அன்றைக்கு மேசையில் கைக்கு எட்டியதை எடுத்து அளந்திருந்தேன். என் மேசையில் எது கிடக்கும்? சுருக்க ஸ்கேல். மூன்றரை அடிக்கு மூன்றரை நூலை அது விழுங்கியிருந்தது. ஒன்றரை நூல் சந்து இருக்கும் என்று நினைத்த இடத்தில் ரெண்டு நூல் இடித்தது. வாசலும் சரி, ஆசாரியும் சரி, டேப்பும் சரி. மூன்று மாசமாக ஊரையே திட்டிக்கொண்டிருந்தவனுக்குத் திட்ட ஒரு ஆள் மிச்சமில்லை. தூறல் வேறு ஆரம்பித்தது.

வீட்டுக்கார அம்மா குடையோடு வந்தார். உள்ளதைச் சொன்னேன். “நிலவுல இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் இழைச்சுக்கறேங்கக்கா. அரை மணி நேர வேலை. எழைச்ச எடமே தெரியாது. புதுசைவிட நல்லாப் பாலிஷ் பண்ணித் தர்றேன்” என்றேன். வாழ்க்கை பூராவும் நூல் கணக்கில் இழைக்கிறவன் நான். உளி கையில் இருக்கிறது, மரம் கண்ணெதிரே இருக்கிறது.

அவர் நிலவைப் பார்த்தார். நல்ல நேரம் பார்த்து, நவதானியமும் தங்கமும் அடியில் போட்டு, அவரும் தவறிப்போன வீட்டுக்காரரும் பூஜை பண்ணி நிறுத்தின நிலவு. மேல்சட்டத்தில் மஞ்சள் பூசினது இன்னும் இருந்தது.

“அது மட்டும் முடியாதுங்க தம்பி” என்றார்.

மூன்று மாசத்தில் முதல் முறையாக ஒரு ஆள் என்னிடம் முடியாது என்று சொன்னார். காலில் விழுந்து கும்பிடுவேன் என்று சொன்னவன் நான்தான். என் சம்சாரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே வந்துவிட்டது. தூறலில் யாருக்கும் தெரியவில்லை.

“ஆனா மழையில நனையுதே அது” என்று அந்த அம்மா மிஷினைப் பார்த்தார். “பழைய மாட்டுக்கொட்டாய்த் தகரம் கெடக்குது. நாலு கம்பத்தை நட்டு, சொவத்தை ஒட்டிப் போட்டுக்குங்க. அம்மணி, நீ உள்ள வா, தலையைத் தொவட்டிக்க.” வேறு வழி? மறுநாள் மார்கழி. கணபதியில் சுண்ணாம்பு காய்ந்திருக்கும். மிஷினை வாசலுக்கு இடது பக்கம் வெளியே நிறுத்தித் தகரம் போட்டேன். சன்னல் வழியாக ஒயர் இழுத்தேன். மேசை உள்ளே, மிஷின் வெளியே. ஒரு பலகை இழைக்க வேண்டுமென்றால் தூக்கிக்கொண்டு வெளியே போய், இழைத்து, நனையாமல் சம்சாரத்தின் முந்தானையோ தார்ப்பாயோ போட்டு மூடி உள்ளே கொண்டுவர வேண்டும்.

தை பிறந்து நாலாம் நாள் பம்பு கம்பெனிக்காரர் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே கண்ணில் பட்டுவிட்டது. “ஏனுங்க, மிஷின் வெளிய நிக்குது?” என்றார்.

உள்ளே இடம் பத்தலீங்க என்று சொல்லியிருக்கலாம். புழுதி உள்ளே வேண்டாம்னு வெச்சனுங்க என்று சொல்லியிருக்கலாம், கெட்டிக்காரன் என்றுகூட நினைத்திருப்பார். அளவை நம்பித்தான் அந்த மனுசர் என்னிடம் வேலை கொடுக்க வந்திருக்கிறார். அவரிடம் போய் அளவு தப்பிவிட்டது என்று எப்படிச் சொல்வது? ஆனால் மூன்று மாசமாக ஊரெல்லாம் மழுப்பினதைக் கேட்டுக் கேட்டு, மழுப்புகிற பேச்சே எனக்கு ஆகாமல் போயிருந்தது. “சுருக்க ஸ்கேல்ல அளந்துபோட்டனுங்க” என்றேன்.

அவர் பவுண்டரியில் வளர்ந்தவர், விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் சம்சாரம் காப்பி கொண்டுவந்தாள். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மிஷினை ஒரு தரம், வாசலை ஒரு தரம் பார்த்தார்.

“பார்த்துச் சொல்றனுங்க” என்றார்.

“வேண்டாமுங்க. பார்க்க வேண்டாம். முடியாதுன்னா முடியாதுன்னு இப்பவே சொல்லிப்போடுங்க. நான் போய் அந்தப் பழைய மொதலாளி கேட்டுல நிக்கறேன். அடுத்த வாரம் அடுத்த வாரம்னு என்னால ஆகாதுங்க” என்றேன். அவர் சங்கடப்பட்டுப்போய் மீசையைத் தடவினார். கோயமுத்தூர்ப் பக்கத்து மனுசனிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் சொன்னார். “ஆறு முடியாதுங்க. ஒண்ணு தர்றேன். அதை நானே அளப்பேன். அளவு நின்னா மிச்சம் அஞ்சு.”

அந்த ஒன்றைச் செய்ய எனக்குப் பத்தொன்பது நாள் ஆனது. சாதாரணமாகப் பத்து நாளில் முடித்துவிடுவேன். சுருக்க ஸ்கேலின் இரண்டு முனையிலும் என் சம்சாரம் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டாள். அப்படியும் விடவில்லை. நான் எதை அளக்கக் குனிந்தாலும், உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்.

“ஏனுங்க, எந்த ஸ்கேலுங்க அது?”

ஒவ்வொரு தடவையும் கோபம் வந்தது. ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.