கணக்கில் வராத காதுகள்

எங்கள் பம்பாய் ட்ரெயினில் யாரும் பேர் கேட்க மாட்டார்கள். எங்கே இறங்குவீர்கள் என்றுதான் கேட்பார்கள். அதுதான் சீட் ரிசர்வேஷன்; இறங்குகிறவரின் இடம் முதலில் கேட்டவருக்கு. நான் மாட்டுங்காவில் ஏறிக் கடைசி ஸ்டேஷனான தானேவில் இறங்குகிறவள். அதனால் என்னைக் கேட்டவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து, கேஸ் சிலிண்டர் விஷயமாகக் கணவரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சயானில் ஏறிய ஒரு பெண், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி எதிரே உட்கார்ந்திருந்தார். போனை வைத்ததும் முன்னால் குனிந்தார்.

"நீங்க அந்தத் தண்ணி ஒழுகுத வீட்டு அக்காதான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் முகத்தை அல்ல, குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார்.

விஷயம் இதுதான். எனக்குச் சொந்தமாக ஒரு பிளாக் உண்டு. பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியை எழுதாவிட்டால் எடிட்டர் போன் செய்வார். பிளாக்குக்கு யார் போன் செய்வார்கள்? ஆனாலும் ஒரு காலத்தில் வியாழக்கிழமைதோறும் எழுதிவந்தேன். என் ட்ரெயின் சிநேகிதிகள் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசச் சொன்னால் ஓயாமல் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் தலைவலி என்பார்கள். அவர்களுக்காக, எழுதியதை நானே வாசித்து வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜாகவும் போட்டுவிடுவேன்.

படிக்க வந்தவர்களை எண்ணும் பிளாக்கின் கவுன்ட்டரோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதைப் பார்த்து மனசு விட்டுப்போய் நிறுத்திவிட்டேன். அதுவும் பாதிக் கதையில். எங்கள் பாத்ரூம் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது, எங்கள் குழாய் இல்லை என்கிறார்கள் மேல் வீட்டார், அதற்கும் மேல் வீட்டார் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார்கள் — குற்றவாளி யாரென்று அடுத்த வியாழன் சொல்கிறேன் என்று முடித்திருந்தேன். அந்த வியாழன் வரவே இல்லை.

ஆனால் வாய்ஸ் மெசேஜ்கள் சும்மா இருக்கவில்லை. சிநேகிதி தன் நாத்தனாருக்கு அனுப்ப, நாத்தனார் தையல் பட்டறையில் கூட வேலை செய்கிறவருக்கு அனுப்ப... அப்படியே கைமாறி, தாராவியில் முத்துலட்சுமி என்ற இந்தப் பெண்ணின் போனுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

"நான் மராட்டி ஸ்கூல்ல படிச்சவக்கா. தமிழு எழுத்துக்கூட்டித்தான் வரும். காதால கேக்கதுன்னா எம்புட்டு நேரமும் கேப்பேன். இப்பம் என்னவிட எந்தங்கச்சிதான் கேக்கா."

தங்கை செல்வி, தானேவில் வண்டி மாறிப் போகவேண்டிய ஐரோலியில் இருக்கிறாள். வயிற்றில் பிள்ளை. தூக்குச்சட்டியில் இருந்த தேங்காய்ப்பால் சொதி அவளுக்குத்தான்.

"முந்தி ஒண்ணு தங்கலக்கா. இந்த வாட்டி டாக்டரு, பெட்ட விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாரு. மாப்பிள டூட்டிக்குப் போனா இருட்டுன பெறவுதான் வாராரு. அந்த பில்டிங்ல தமிழ் பேச ஒரு ஆளு கெடையாது. விட்டத்தப் பாத்துக்கிட்டு, இதுவும் போயிருமோன்னு பயந்துக்கிட்டே கெடக்கா."

முத்துலட்சுமி தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

"ஒங்க மெசேஜத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கா. அந்தத் தண்ணி யாரு வீட்டுத் தண்ணின்னு எங்கிட்ட கேட்டா, நான் எங்க போவேன்?"

"அது சப்புனு முடிஞ்ச கதைங்க. அதான் எழுதாம விட்டுட்டேன்" என்றேன்.

"சப்புன்னு இருந்தா இருந்துட்டுப் போகுது. அவளுக்கு எல்லா நாளும் ஒரே நாளாத்தான் கெடக்கு. வியாழக்கெழமன்னு ஒண்ணு இருந்தா வாரம் நகரும்லா?"

முலுண்ட் வந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. செல்வியின் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

அந்த வியாழனே பிளாக்கைத் தூசி தட்டினேன். பாஸ்வேர்ட் மறந்து, அது வேறு ஒரு கூத்து. மீதிக் கதையை எழுதினேன், வாசித்து அனுப்பினேன். குற்றவாளி எந்த வீட்டாரும் இல்லை. மொட்டை மாடியின் மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டு ஒரு புறா கூடு கட்டியிருந்தது; தேங்கிய தண்ணீர்தான் சுவர் வழியே கீழே இறங்கியிருக்கிறது. உள்ளே குஞ்சுகள். மூன்று வீட்டுக்காரர்களும் மாடியில் நின்று எட்டிப் பார்த்தோம். அத்தனை நாள் சண்டையும் அங்கேயே முடிந்தது.

செல்வியிடமிருந்து உடனே பதில் வந்தது. அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"கூட்டக் கலைச்சிட்டியளாக்கா?"

"இல்லம்மா. குஞ்சு பறந்து போற வரைக்கும் பாத்ரூம்ல வாளி வச்சு சமாளிச்சோம்."

"நல்லதுக்கா" என்று மட்டும் வந்தது.

பிறகு வியாழன் தவறவில்லை. ஜலதோஷத்தில் குரல் கட்டிய வாரமும் உண்டு, எழுத விஷயமே இல்லாமல் சிலிண்டர் சண்டையை எழுதிய வாரமும் உண்டு. ரெகுலராக எழுத டைம்டேபிள் போடு, ஆப் வை, அலாரம் வை என்று ஆயிரம் யோசனை சொல்கிறார்கள். நானும் எல்லாம் வைத்துப் பார்த்தவள்தான். பால்காரர் தினமும் வருவது அலாரத்தாலா? இங்கே ஒருத்தி பாத்திரத்தோடு நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

செல்விக்கு நான் ஏதோ பெரிய உபகாரம் செய்ததாக முத்துலட்சுமி சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மை அப்படியே தலைகீழ். நான் தொலைத்துவிட்ட ஒன்றை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் அவள். அந்த நன்றி எனக்கு நிறையவே இருக்கிறது.

சென்ற வியாழன் வீடு திரும்பத் தானே ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அந்த வாரத்துக் கட்டுரையை நான் இன்னும் வாசித்து அனுப்பவில்லை. கேட்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பிளாட்பாரச் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அழுகை. பிறந்த குழந்தையின், வீறிட்ட அழுகை. பிறகு களைத்துப்போன ஒரு குரல்.

"பொம்பளப் புள்ளக்கா. இந்த வாரம் நாங்க பேசுதோம், நீங்க கேளுங்க."

அங்கேயே நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற அம்மாள் பதறிப்போய், "க்யா ஹுவா?" என்றார். பெண் பிறந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில், "பேட்டி ஹுயி" என்றேன். யாருக்கு என்றுகூடக் கேட்காமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து பிளாக்கைப் பார்த்தேன். கவுன்ட்டர் ஒரு எண்கூட ஏறவில்லை. அதனால் என்ன... எங்கள் புதிய நேயருக்கு இன்னும் தலையே நிற்கவில்லை.