வல்லாரை தேடி வந்த பிள்ளை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஆனபடியால் யார் புத்தி சொன்னாலும் இலேசில் கேட்கமாட்டேன். என் கை நடுக்கத்தைப் பார்க்கின்சன் என்று சொல்லி டொக்டர் தந்த குளிசைகளை ஒரு மாதமாக நான் தொடவில்லை. டொக்டர் ஏசினார், பிள்ளைகள் ஏசினார்கள். நான் வல்லாரைச் சாறுதான் குடித்தேன்.

அந்த நேரம்தான் எங்கள் ஊர் கரடியனாற்றில் வாய்க்கால் ஓரம் வல்லாரை பிடுங்க ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளை வந்தாள். நெட்டை உருவம், காலில் ஆம்பிளைச் சப்பாத்து. எந்த இலையைப் பிடுங்கினாலும் நுனியைக் கடித்து, கண்ணை மூடி மென்றுவிட்டுத்தான் பையில் போடுவாள். என்னுடையதைப் போன்ற நடுக்க வருத்தத்தில் மூளை பழுதாகாமல் காக்கிற சத்து இந்த இலையில் இருக்கிறதா என்று பார்க்கிறாளாம்.

“நீ பார்க்கத் தேவல்ல மகள். நான் குடிச்சே சுகமாக்கிட்டன்,” என்று பெருமையாகத் தேத்தண்ணியை நீட்டினேன். என் கையில் கோப்பை பீரிசுத் தட்டில் கடகடவென்று அடித்தது.

அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். “பெத்தாச்சி, நான் ஆறு வருசமா எலிக்கு இந்த இலையக் குடுத்து மல்லுக்கட்டுறன். நீங்க ஒரு மாசத்துல முடிச்சிட்டீங்க. என்ட வேலைய நீங்களே எடுங்க.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப எலிக்குச் சுகமா?”

“கொஞ்சம் நல்லம். மனிசருக்கு எப்பிடியெண்டு எனக்குத் தெரியா. தெரியிற வரைக்கும் இலையச் சம்பல் போட்டுத் தின்னுங்க. குளிசைய விடாதீங்க.”

அந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய், உள்ளதைச் சொல்லி, மறுபடி குளிசை எடுக்கத் தொடங்கினேன். எல்லாம் தெரிந்தவர்களுக்கு மசியாத நான், தெரியாது என்றவளுக்கு ஏன் மசிந்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா சத்தமாக வாசி. என்னை ஏசின உன் அம்மாவுக்கும் கேட்கட்டும்.