வட்டிப் பலகை

பல்கலைக்கழக விடுமுறையில் மலேசியாவின் கோலசிலாங்கூரிலிருந்த ஒரு நிதி நிறுவனக் கிளையில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். வட்டி விகிதத்தை அரசாங்கமே வரையறுத்த காலம் போய், அந்தந்த நிறுவனமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திங்கட்கிழமைகளில் என் முதல் வேலை, சாலையைக் கடந்து எதிரிலிருந்த பழைய வங்கியின் வட்டிப் பலகையைப் பார்த்துவருவது. நான் சொல்லும் எண்ணோடு மேலாளர் கால் விழுக்காடு கூட்டுவார். அதை எங்கள் பலகையில் மாட்டுவேன்.

எதிர் வங்கியில் வைப்புக் கணக்குத் திறக்க அரைநாள் ஆகும். எங்களிடம் பத்து நிமிடம். எங்கள் கிளையின் சுறுசுறுப்பைப் பாராட்டித் தலைமையகம் கடிதம்கூட எழுதியது. கூட்டிய வட்டியைக் கொடுக்க வேண்டுமானால், வந்த பணம் உடனே கடனாக வெளியே போக வேண்டும். அந்தக் கோப்புகளைத் தட்டச்சு செய்ததும் நான்தான். பெரும்பகுதி ஒரே வீடமைப்புத் திட்டத்துக்குப் போயிருந்தது. நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் பேருந்து அதைக் கடக்கும்போது தினமும் பார்ப்பேன்: கூரையில்லாத சுவர்கள், அறைகளுக்குள் லாலாங் புல்.

ஒரு நாள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த அத்தை வந்தார். பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். ஆறு மாதத்தில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டும்வரை போட்டுவைக்கச் சேமநிதிப் பணம் முழுவதையும் கொண்டுவந்திருந்தார்.

“என்னா பாப்பா, அவ்ளோ படிச்சிட்டு இங்க நம்பர் மாட்டிக்கிட்டு இருக்க? சரி சொல்லு, எங்க போடலாம்? அங்கயா, இங்கயா?”

தமிழரான மேலாளர் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்கதான் வட்டி கூட, அத்தை.”

அது பொய்யில்லை.

“அப்ப இங்கயே போடு. நீதான் இருக்கியே.”

நான் படிக்கத் திரும்பிய ஐந்தாம் மாதம் கிளை மூடப்பட்டது. ஊருக்கு வந்து அத்தையை அழைத்துச் சென்றேன். இரும்புக் கதவில் ஒட்டியிருந்த மலாய் அறிவிப்பைத் தமிழில் சொன்னேன்: விசாரணை முடியும்வரை வைப்புத்தொகைகள் முடக்கப்பட்டுள்ளன.

“எப்ப குடுப்பாங்களாம்?”

“தேதி போடல, அத்தை.”

“இன்னொரு தடவ படி.”

படித்தேன். பிறகு, கூரையில்லாத அந்த வீடுகளைப் பற்றியும் கோப்புகளைப் பற்றியும் சொன்னேன்.

“அப்பவே தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

எதிர் வங்கியில் வழக்கம்போல் வரிசை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“அன்னைக்கு என் காதுல சொல்லியிருக்கலாம்லா.”

திரும்பும் பேருந்தில் அத்தை எனக்கு முன்னே ஏறி அமர்ந்தார். அவர் பக்கத்தில் இடமிருந்தது. அதில் தம் பையை வைத்துக்கொண்டார்.